கேள்வியைக் கேட்கும் உரிமை யாருடையது?

வரும் மே 7-ஆம் தேதி ஸ்காட்லாந்து மக்கள் எடின்பரோவில் உள்ள தங்கள் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் மாநிலமே தேர்தல் பரபரப்பில் இருக்கும்போது, ஏறத்தாழ 55 லட்சம் பேர் வாழும் ஒரு தொலைதூர நாட்டின் தேர்தலுக்கு இந்த இடத்தை ஒதுக்குவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கே யார் ஆட்சி அமைப்பார்கள் என்பதைவிட அடிப்படையான ஒன்று அந்தத் தேர்தலில் அடங்கியிருக்கிறது. மொத்தமுள்ள 129 இடங்களில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி தனித்து 65 இடங்களைப் பெற்றால், தனிநாடு குறித்து இரண்டாவது பொதுவாக்கெடுப்பு நடத்த மக்கள் தந்த ஆணையாகவே அதைக் கொள்ள வேண்டும் என்கிறார் அங்குள்ள முதல் அமைச்சர் ஜான் ஸ்வின்னி. தமது ஆட்சிக் காலத்தில் அப்படியொரு வாக்கெடுப்புக்கு இடமில்லை என்பது பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மரின் நிலை.

இருவரும் தேர்தல் மேடையில் நின்று பேசுகிறார்கள்; பேசட்டும். ஆனால், இருவரது பேச்சுக்கும் அடியில் ஒரு கேள்வி விடை காணாமல் கிடக்கிறது. தன் விருப்பத்தின் பேரில் ஓர் ஒன்றியத்தில் இணைந்ததாகச் சொல்லப்படும் ஒரு நாடு, அதே விருப்பத்தின் பேரில் எந்த வழியில் வெளியேறலாம்? பிரிட்டனில் இதற்கு எழுதப்பட்ட விடை எதுவும் இன்று இல்லை. ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா, கூடாதா என்பதைப் பற்றியதல்ல இந்தக் கட்டுரை. அந்தக் கேள்வியை மக்களிடம் எப்போது கேட்பது என்பதை முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

இந்த வேறுபாடு எனக்குத் தொடக்கத்திலேயே புலப்பட்டுவிடவில்லை. 2014-ஆம் ஆண்டுக் கோடையில், என்னிடம் முதுகலைப் பொருளியல் படித்த பழைய மாணவர் ஒருவர் அபர்டீன் நகரிலிருந்து மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வட கடல் எண்ணெய்த் தொழிலைச் சார்ந்த ஒரு நிறுவனத்தில் அவருக்குக் கணக்காய்வு வேலை. கையில் இந்தியக் கடவுச்சீட்டுதான். ஆயினும் செப்டம்பரில் நடக்கவிருந்த வாக்கெடுப்பில் அவருக்கு வாக்கு இருந்தது. பிறப்பையோ வம்சத்தையோ பாராமல், ஸ்காட்லாந்தில் வசிக்கும் பிரிட்டன், காமன்வெல்த், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை அளித்திருந்தார்கள். 16 வயது நிரம்பியவர்களும் அதில் சேர்த்தி. எப்படி வாக்களிக்கலாம் என்று அவர் என்னிடம் யோசனை கேட்டிருந்தார்.

வகுப்பெடுத்தே பழகியவனுக்கு அது போதாதா? எண்ணெய் விலை, வரவு செலவுப் பற்றாக்குறை, எந்த நாணயத்தைப் புழங்குவது என்று நான்கு பக்கங்களுக்குப் பதில் எழுதி, கணக்குப்படி ‘இல்லை’ என்பதே சரியான வாக்கு என்று முடித்திருந்தேன். அவருடைய மறுமொழி இரண்டே வரி. “சார், உங்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கும். என் பக்கத்து வீட்டுப் பெரியவரும் ‘இல்லை’ என்றுதான் போடப் போகிறார். ஆனால் தம்மிடம் கேட்டுவிட்டார்கள் என்பதில் அவருக்கு இருக்கிற பெருமிதத்தை எந்தக் கணக்கில் வைப்பது?” அன்று அதைப் புன்னகையோடு கடந்து போனேன். எட்டு ஆண்டுகள் கழித்து லண்டனில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்ன நாளில்தான் அந்த இரண்டு வரிகளைத் தேடியெடுத்து மறுபடியும் படித்தேன்.

தீர்ப்புக்கு வருமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஸ்காட்லாந்தின் கோரிக்கையைக் கேட்டதும், நம் விடுதலைப் போராட்டத்தின் இன்னொரு படி என்று எண்ணும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது சரியன்று. ஸ்காட்லாந்து ஒருபோதும் காலனியாக இருந்ததில்லை. பேரரசின் பங்குதாரராக இருந்தது. சந்தேகம் இருப்பவர்கள் சென்னை அண்ணா சாலையில் தீவுத்திடலைக் கடந்து போகும்போது சற்று நிமிர்ந்து பார்க்கலாம். அங்கே குதிரைமேல் அமர்ந்திருக்கும் மதராஸ் மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, 1761-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். ரயத்துவாரி முறையை நம் மண்ணில் நிலைநிறுத்தியவர் ஆங்கிலேயர் அல்லர், ஒரு ஸ்காட்லாந்துக்காரர்.

எனவே அடிமைப்பட்ட நாட்டின் விடுதலை என்ற வாதம் இங்கே பொருந்தாது. பொருந்துவது வேறொன்று: ஒப்பந்தம். 1690-களின் இறுதியில் பனாமா நிலப்பகுதியில் டேரியன் என்ற இடத்தில் குடியேற்றம் அமைக்கச் செய்த முயற்சியில் ஸ்காட்லாந்து தன் மூலதனத்தில் பெரும்பகுதியைப் பறிகொடுத்தது. அந்த நட்டத்தின் நிழலில்தான் 1707-இல் இங்கிலாந்துடன் இணையும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் ஸ்காட்லாந்துக்கு வழங்க ஒப்புக்கொள்ளப்பட்ட 3,98,085 பவுண்டில் ஒரு பகுதி டேரியன் திட்டத்தில் பணம் போட்டு இழந்தவர்களுக்கு ஈடு செய்யப் போனது. தெருக்களில் எதிர்ப்பு வெடித்தது. பொதுமக்களை யாரும் கேட்கவில்லை, அந்தக் காலத்தில் எங்கும் கேட்டதில்லை. ஆனாலும் அது ஒப்பந்தம். ஸ்காட்லாந்து தன் சட்ட முறையை, திருச்சபையை, கல்வி முறையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இது விருப்பத்தால் அமைந்த ஒன்றியம் என்று இரு பெரும் கட்சிகளின் பிரதமர்களும் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். விருப்பத்தால் அமைந்தது என்றால், விருப்பம் மாறினால் என்ன என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

1979-இல் அதிகாரப் பரவலுக்கான வாக்கெடுப்பு நடந்தபோது, பதிவான வாக்குகளில் பெரும்பான்மை போதாது, மொத்த வாக்காளர் பட்டியலில் 40 விழுக்காட்டினர் ஆதரிக்க வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் ஒரு நிபந்தனையைச் செருகியது. வாக்களித்தவர்களில் 51.6 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றார்கள். பட்டியல் கணக்கில் அது 32.9 ஆகவே இருந்தது. வாக்களிக்க வராதவர்கள் எதிர்த்தவர்களாக எண்ணப்பட்டார்கள். வென்ற வாக்கெடுப்பு தோற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கசப்பு 18 ஆண்டுகள் ஆறவில்லை. 1997-இல் மீண்டும் கேட்டபோது 74.3 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள்; 1999-இல் நாடாளுமன்றம் வந்தது. கேள்வியை வடிவமைப்பவர் விடையையும் ஓரளவு வடிவமைத்துவிடுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதன் விளைவுதான் 2014. 2011 தேர்தலில் தேசியக் கட்சி 69 இடங்களைப் பிடித்ததும், தாம் எதிர்த்தபோதிலும் மக்களின் ஆணையை மதிப்பதாகச் சொன்னார் அன்றைய பிரதமர் டேவிட் கேமரூன். 2012 அக்டோபர் 15 அன்று அவரும் ஸ்காட்லாந்தின் முதல் அமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோவில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். 1998-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டத்தின் 30-ஆம் பிரிவின்கீழ் வாக்கெடுப்பு நடத்தும் அதிகாரம் தற்காலிகமாக மாற்றித் தரப்பட்டது. ஒரே கேள்வி, ஒரே நாள், தேர்தல் ஆணையத்தின் மேற்பார்வை. 2014 செப்டம்பர் 18 அன்று 84.6 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. 20 லட்சம் பேர் ‘இல்லை’ என்றார்கள். 16 லட்சத்துச் சொச்சம் பேர் ‘ஆம்’ என்றார்கள். 55-க்கு 45. தோற்ற தரப்பு மறுநாளே முடிவை ஏற்றுக்கொண்டது. சால்மண்ட் பதவி விலகலை அறிவித்தார். ஒரு நாடு பிளவுபடுவதா என்ற கேள்வியை ஒரு துளி இரத்தம் சிந்தாமல் கேட்டு விடை பெற்ற அந்த நாளை, பிரிட்டிஷ் ஜனநாயகத்தின் சிறந்த நாள்களில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்தவைதான் சிக்கல். பிரிட்டனில் நீடித்தால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க முடியும் என்பது 2014-இல் ‘இல்லை’ தரப்பு சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று. இரண்டே ஆண்டுகளில், 2016 ஜூன் 23 அன்று, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வாக்களித்தது. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் நீடிக்கவே வாக்களித்திருந்தார்கள். அது பிரிட்டன் முழுமைக்கும் சேர்த்து எண்ணப்பட்ட வாக்கு என்பது உண்மை. சட்டப்படி பிழையும் இல்லை. ஆனால், ஒருவர் வீட்டை விற்காமல் வைத்துக்கொள்ளச் சம்மதித்த பிறகு அந்த வீட்டின் வாசலை வேறு தெருவுக்கு மாற்றினால், அவர் தம் முடிவை மறுபரிசீலனை செய்ய விரும்புவதைக் குற்றமாகக் கொள்ள முடியாது.

2021 தேர்தலில் தேசியக் கட்சி 64 இடங்களும், தனிநாட்டை ஆதரிக்கும் பசுமைக் கட்சி 8 இடங்களும் பெற்றன. ஆகவே 129-இல் 72 பேர் மறுவாக்கெடுப்பை ஆதரித்தார்கள். லண்டன் மறுத்தது. 2023 அக்டோபர் 19 அன்று வாக்கெடுப்பு நடத்த நாள் குறித்த அன்றைய முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜனின் அரசு, தனக்கு அதிகாரம் உண்டா என்று உச்ச நீதிமன்றத்தைக் கேட்டது. 2022 நவம்பர் 23 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ‘இல்லை’ என்றார்கள். ஒன்றியம் என்பது வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஒதுக்கப்பட்ட பொருள். கட்டுப்படுத்தாத, வெறும் கருத்தறியும் வாக்கெடுப்பானாலும் அது ஒன்றியத்தைத் தொடும் என்பது அவர்களின் விளக்கம். சட்டத்தின் சொற்களைப் படித்தால் வேறு முடிவுக்கு வருவது கடினம். நீதிபதிகள் மீது எனக்குக் குறையில்லை.

ஆனால், அந்தத் தீர்ப்பில் கனடாவின் உச்ச நீதிமன்றம் கியூபெக் குறித்து 1998-இல் சொன்னது எடுத்தாளப்பட்டிருக்கிறது. காலனிகளுக்கும், அந்நிய ஆக்கிரமிப்புக்கு உள்ளானவர்களுக்கும், அரசில் பங்கே மறுக்கப்பட்டவர்களுக்கும்தான் சர்வதேசச் சட்டத்தில் பிரிந்துபோகும் உரிமை உண்டு. கியூபெக் அந்த வகையில் வராது என்றது கனடா நீதிமன்றம். ஸ்காட்லாந்தும் வராது என்றது லண்டன். அதுவரை சரி. கனடா நீதிபதிகள் அத்துடன் நிறுத்திக்கொள்ளவில்லை. தெளிவான ஒரு கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை விடை தருமானால், கூட்டாட்சியின் மற்ற அங்கத்தினர் பேச்சுவார்த்தைக்கு வந்தாக வேண்டிய கடமை உண்டு என்றும் சொன்னார்கள். தன்னிச்சையாகப் பிரிய உரிமையில்லை, மக்கள் குரலைக் காதில் வாங்காமல் இருக்கவும் உரிமையில்லை. இந்த இரண்டாம் பாதி பிரிட்டனின் சட்டத்தில் எங்குமே இல்லை. கனடாவின் அரசியலமைப்பிலிருந்து பிறந்த கடமை அது என்பதால், லண்டன் நீதிபதிகளிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. எதிர்பார்க்க வேண்டியது நாடாளுமன்றத்திடம்.

அந்த நாடாளுமன்றம் இதே கேள்விக்கு வேறோர் இடத்தில் விடை எழுதி வைத்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1998-ஆம் ஆண்டின் வட அயர்லாந்துச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் பாருங்கள். வட அயர்லாந்தில் பெரும்பான்மையினர் பிரிட்டனைவிட்டு அயர்லாந்துடன் இணைய வாக்களிக்கக்கூடும் என்று தோன்றினால், அமைச்சர் வாக்கெடுப்புக்கு உத்தரவிட வேண்டும். ஒரு வாக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் ஏழு ஆண்டு இடைவெளி வேண்டும். ‘தோன்றினால்’ என்பதை எதை வைத்து அளப்பது என்ற தெளிவின்மை அதில் உண்டு. இருந்தாலும் ஒரு வாசல் இருக்கிறது, அது எப்போது திறக்கும் என்று எழுதியும் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் துப்பாக்கிகள் பேசிய மண்ணுக்கு அந்த வாசல் கிடைத்தது. ஒரு தோட்டாகூடச் சுடாமல், வாக்குப்பெட்டியைத் தவிர வேறெதையும் தொடாமல் கேட்ட ஸ்காட்லாந்துக்கு அது இல்லை. இந்த ஒப்பீட்டை இளைஞர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பதை நினைக்கையில் எனக்குச் சற்று அச்சமாகவே இருக்கிறது.

சுயநிர்ணய உரிமை என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போது அதன்மேல் வேறு பல நினைவுகளும் வந்து படிகின்றன. அதைத் தவிர்க்க முடியாது. இந்தியாவில் 1963-இல் வந்த 16-ஆவது திருத்தம் பிரிவினையை வலியுறுத்தி யாரும் தேர்தலில் நிற்க முடியாதபடி செய்தது. இலங்கையில் 1983-இன் ஆறாவது திருத்தம், அமைதியான வழியில்கூடத் தனிநாடு கோருவதைத் தடை செய்தது; அதன் பின்விளைவுகளை நாம் அறிவோம். அவற்றோடு ஒப்பிட்டால் பிரிட்டன் எவ்வளவோ மேல். அங்கே தனிநாட்டைக் கோரும் கட்சி 2007 முதல் ஆட்சியிலேயே இருக்கிறது. பேசலாம், எழுதலாம், கட்சி நடத்தலாம், அரசும் அமைக்கலாம். மக்களிடம் கேட்க மட்டும் முடியாது.

மறுதரப்பின் வாதங்கள் வலுவற்றவை அல்ல. ‘ஒரு தலைமுறைக்கு ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு’ என்று 2014-இல் சொன்னது தேசியக் கட்சியே. தோற்ற மறுநாளே மறுபடியும் கேட்போம் என்றால் அது வாக்கெடுப்பு ஆகாது, வெல்லும்வரை ஆடும் சூதாட்டம் ஆகிவிடும். இதற்குப் பொருளாதார விலையும் உண்டு. கியூபெக்கில் தனிநாட்டுக் கட்சி 1976-இல் ஆட்சிக்கு வந்ததும், சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் 1978-இல் தன் தலைமையகத்தை மான்ட்ரியாலிலிருந்து டொரான்டோவுக்கு மாற்ற முடிவு செய்தது. வேறு பல நிறுவனங்களும் அவ்வழியே போயின. 1980, 1995 என இரு வாக்கெடுப்புகளிலும் கியூபெக் பிரியவில்லை. இரண்டாவதில் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். பிரியாமலே பிரிவினையின் செலவில் ஒரு பங்கை அந்த மாநிலம் செலுத்தியது.

மக்கள் ஆணை என்பதை எதை வைத்து அளப்பது என்பதும் எளிதன்று. 2021-இல் தனிநாட்டு ஆதரவுக் கட்சிகள் சேர்ந்து பெற்ற வாக்கு, தொகுதி வாக்கில் பாதியைச் சற்றே எட்டவில்லை. கட்சிப் பட்டியல் வாக்கில் பாதியைச் சற்றே தாண்டியது. இரு தரப்பும் ஒரே முடிவைக் காட்டித் தாமே வென்றதாகச் சொல்லிக்கொண்டன. 2024-இல் பிரிட்டன் பொதுத்தேர்தலில் தேசியக் கட்சி 48 இடங்களிலிருந்து ஒன்பதாகச் சரிந்தபோது, ஆணை தீர்ந்துவிட்டது என்றார்கள் எதிர்த்தரப்பினர். இப்போது ஸ்வின்னி சொல்லும் 65 இடங்கள் என்ற அளவுகோலும் அவர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டதுதான். எந்த ஒரு கட்சியும் எளிதில் தனிப்பெரும்பான்மை பெறாதபடி அமைக்கப்பட்ட தேர்தல் முறையில், பாதிக்கும் குறைவான வாக்குகளோடும் 65-ஐ எட்டிவிட முடியும். பாதிக்கு மேல் வாக்குப் பெற்றும் ஒரு கூட்டணி தன் ஆணையை நிரூபிக்க முடியாமல் போகவும் கூடும்.

முடிவு செய்ய வேண்டிய மக்கள் யார் என்பதை முதலில் யாராவது முடிவு செய்தாக வேண்டுமே என்று கேட்டார் ஐவர் ஜென்னிங்ஸ். இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பு உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நம் அரசியலமைப்பை விமரிசித்துச் சொற்பொழிவாற்றியவர். அவர் கேள்வி ஸ்காட்லாந்துக்குள்ளேயும் எழும். 2014-இல் ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகள் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ‘இல்லை’ என்றன. எண்ணெய் வயல்கள் அவற்றை ஒட்டிய கடலிலும் இருக்கின்றன. எடின்பரோவுக்கு உள்ள உரிமை அவர்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் தேசியக் கட்சியினரின் பதில் தடுமாறுகிறது. எனினும், நாடு என்ற அளவில் ஸ்காட்லாந்தின் எல்லை, சட்டம், வாக்காளர் பட்டியல் எதிலும் ஐயம் இல்லை. 2014-இல் வெஸ்ட்மின்ஸ்டரே அதை ஏற்றுத்தான் வாக்கெடுப்புக்கு வழிவிட்டது. தங்களுக்குப் பொருத்தமான ஆட்சி முறையைத் தீர்மானிக்கும் இறைமை ஸ்காட்லாந்து மக்களுக்கு உண்டு என்ற 1989-ஆம் ஆண்டின் பிரகடனத்தை, 2018 ஜூலையில் பிரிட்டன் மக்களவை எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டது. எதிர்ப்பின்றி ஏற்றதைச் சட்டமாக்க மட்டும் எவரும் முன்வரவில்லை.

இனி என் துறைக்கு வருகிறேன். பிரிந்துபோனால் தாங்குமா என்பதுதான் எப்போதும் முதலில் எழுப்பப்படும் கேள்வி. ஸ்காட்லாந்து அரசே ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, 2024-25-இல் அதன் வரவுக்கும் அதற்காகச் செய்யப்பட்ட செலவுக்கும் இடையிலான பற்றாக்குறை அதன் உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 விழுக்காடு. பிரிட்டன் முழுமைக்கும் அது 5 விழுக்காடு அளவில்தான். அந்த இடைவெளியை இன்று லண்டன் நிரப்புகிறது. அதன் மானியத்தைப் பங்கிடும் பார்னெட் சூத்திரம் கருவூலத்தின் நடைமுறை வழக்கம் மட்டுமே, அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. நம் நிதிக்குழுவைப் பற்றி எவ்வளவோ குறைசொல்லும் நான், அதற்கு அரசியலமைப்பில் 280-ஆவது பிரிவாவது இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதுண்டு.

இதே கணக்கு 2011-12-இல் வேறாக இருந்தது: எண்ணெய் வருவாயைச் சேர்த்தால் ஸ்காட்லாந்தின் பற்றாக்குறை விகிதம் பிரிட்டனைவிடக் குறைவு. 2013-இல் வெளியான தனிநாட்டுத் திட்ட அறிக்கை, பீப்பாய் 110 டாலர் என்ற விலையை வைத்து, 2016-17-இல் எண்ணெய் வரி 700 கோடி பவுண்டு அளவில் வரும் என்றது. வாக்கெடுப்பு முடிந்து நான்கு மாதங்களில் விலை 50 டாலருக்குக் கீழே இறங்கியது. பிரிந்திருந்தால், 2016 மார்ச்சில் பிறக்கவிருந்த புதிய நாடு காலிப் பெட்டியோடு பிறந்திருக்கும். என் கணக்கு சரியாகிவிட்டது என்று அப்போது மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், 1974-க்குப் போனால் கதை தலைகீழ். ஸ்காட்லாந்துத் துறையில் பணியாற்றிய பொருளாதார அறிஞர் கவின் மெக்ரோன் அந்த ஆண்டு அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். எண்ணெய் வருவாயைப் பற்றித் தேசியக் கட்சி சொல்லிவந்தது மிகையல்ல, உண்மையில் குறைவு. தனிநாடானால் ஸ்காட்லாந்து உபரியில் மிதக்கும், அதன் நாணயம் ஐரோப்பாவிலேயே வலுவானவற்றில் ஒன்றாக இருக்கும் என்பது அதன் சாரம். அறிக்கை மறைத்து வைக்கப்பட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 2005-இல்தான் அது வெளியே வந்தது. தாங்காது என்று மக்களிடம் சொல்லப்பட்ட காலத்தில், தாங்கும் என்று சொன்ன காகிதம் அலமாரியில் பூட்டிக் கிடந்திருக்கிறது. 1974-இல் தாங்கும், 2016-இல் தாங்காது, 2011-இல் பாதகமில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும் ஒரு விடையை வைத்துக்கொண்டு, கேள்வியைக் கேட்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பது என்ன நியாயம்?

இன்று என்னைக் கேட்டாலும் பொருளாதார நோக்கில் ‘இல்லை’ என்றே சொல்வேன். 2014-ஐவிட இன்னும் அழுத்தமாகவே சொல்வேன். ஸ்காட்லாந்து வெளியே விற்பதில் 60 விழுக்காடு அளவுக்குப் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கே போகிறது. தனிநாடாகி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால், சுங்க எல்லை இங்கிலாந்தோடு வந்து நிற்கும். பிரிட்டன் ஐரோப்பாவைவிட்டு வெளியேறியது தனிநாட்டின் அரசியல் நியாயத்தைக் கூட்டி, அதன் பொருளாதார நியாயத்தைக் குறைத்துவிட்டது என்பது இதிலுள்ள முரண். நாணயச் சிக்கலும் அப்படியே இருக்கிறது. பவுண்டைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்று 2014-லேயே நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் கைவிரித்துவிட்டார். செக், ஸ்லோவாக் நாடுகள் 1993-இல் சுமுகமாகப் பிரிந்து பொது நாணயத்தோடு தொடங்கின. ஆறு வாரம்கூட அது நிலைக்கவில்லை. அயர்லாந்து தன் நாணயத்தை 1979 வரை பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டியே வைத்திருந்தது என்பதும் நினைவுக்கு வருகிறது. விடுதலை பெற்ற பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் அதன் வட்டி விகிதம் பெருமளவுக்கு லண்டனையே பின்பற்றியது. இவை அனைத்தும் வாக்கெடுப்பு நடந்தால் வாக்காளர் முன் வைக்க வேண்டிய காரணங்கள். வாக்கெடுப்பே கூடாது என்பதற்கு இவற்றுள் ஒன்றும் காரணமாகாது. ‘உனக்கு நட்டம்’ என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவருடைய வாக்குச்சீட்டைப் பெட்டியில் பூட்டிவைக்க எனக்கு உரிமை கிடையாது.

என்ன செய்யலாம்? வட அயர்லாந்துச் சட்டத்தில் இருப்பதைப்போல ஒரு விதியை வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்காட்லாந்துக்கும் எழுதலாம். இடைவெளி ஏழு ஆண்டுகள் குறைவு என்றால் பதினைந்து என்று வையுங்கள். ஆணையை அளக்க, ஹோலிரூட் நாடாளுமன்றத்தில் அடுத்தடுத்த இரு தேர்தல்களுக்குப் பின்னரும் பெரும்பான்மைத் தீர்மானம் வேண்டும் என்று கேட்பதுகூட எனக்கு ஏற்புடையதே. மான்டினீக்ரோ 2006-இல் பிரிந்தபோது 55 விழுக்காடு ஆதரவு வேண்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, 55.5 பெற்று வெளியேறியது. தோற்றவர்களும் முடிவை மறுக்க வழியில்லாமல் போயிற்று. 1979-இன் 40 விழுக்காட்டு விதியோடு இதை ஒப்பிடக்கூடாது. அது ஒரு தரப்பு இறுதி நேரத்தில் திணித்தது, இது இரு தரப்பும் பேசி வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற, 2016-க்கு வெகுமுன்னரே 50-ஆவது பிரிவு என்றொரு வழி உடன்படிக்கையில் எழுதப்பட்டிருந்தது. பிரிட்டன் அந்த வழியாகத்தான் நடந்து வெளியேறியது. பிரஸ்ஸல்ஸ் தனக்குத் தந்ததை லண்டன் எடின்பரோவுக்குத் தர ஏன் தயங்க வேண்டும்?

தயக்கத்தின் காரணம் புரியாமலில்லை. வாசலைக் காட்டினால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்ற அச்சம். 2014 அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. வாசல் திறந்திருந்தபோது பெரும்பான்மையினர் உள்ளேயே இருக்கத் தீர்மானித்தார்கள். என் மாணவரின் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அவர்களில் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் காலமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மாணவர் எப்படி வாக்களித்தார் என்று நான் இதுவரை கேட்டதில்லை. அவர் இப்போதும் அபர்டீனில்தான் இருக்கிறார். எண்ணெய் நிறுவனத்திலிருந்து கடல் காற்றாலை நிறுவனம் ஒன்றுக்கு மாறியிருக்கிறார். சென்ற மாதம் பேசியபோது, 2014-இல் தோளில் தூக்கிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போன மகளுக்கு இப்போது 16 வயது முடிந்துவிட்டது என்றார். ஹோலிரூட் தேர்தலில் அந்த வயதில் வாக்குரிமை உண்டு. மே 7 அன்று அவளுக்கு முதல் வாக்கு. தனிநாடு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியைத் தன்னிடம் எப்போது கேட்பார்கள் என்று அவள் அப்பாவைக் கேட்டாளாம். “உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், சார்” என்றார்.